நிறம் தீட்டாத சிறகு

"பத்தாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டிட்டாய். தொடங்கின எதையாவது முடிச்சிருக்கிறியோ?" என்று பவளம் அன்ரி ஒருமுறை கேட்டார்.

அவர் எங்கள் மெரிலேண்ட்ஸ் வீட்டுக்கு வராத சனிக்கிழமை இல்லை. நேற்று நான் தேநீர் போடக் குசினிக்குள் போன நேரத்தில் என் கொப்பியைத் திறந்துவிட்டார். ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு துறவி எழுதிய வேதப் புத்தகத்தின் பக்கம் ஒன்றை அதில் மூன்று கிழமையாகப் பார்த்து வரைந்திருந்தேன். ஒன்றையொன்று கடித்துப் பின்னிக் கிடக்கும் நாற்பது பறவைகள். ஒரு பறவையின் சிறகுக்கு மட்டும் துறவி நிறம் தீட்டவில்லை. நானும் தீட்டவில்லை. அந்தச் சிறகுக்காகத்தான் அந்தப் பக்கத்தையே தேர்ந்தெடுத்தேன்.

தேநீரோடு வந்தால், அன்ரியின் கையில் பச்சைப் பேனை.

"இதொண்டை மறந்துபோனாய் பிள்ளை. நான் முடிச்சுவிட்டன்."

"அது முடிக்கிறதுக்கில்லை அன்ரி! மூண்டு கிழமை! ஆரைக் கேட்டு என்ர கொப்பியைத் தொட்டனீங்கள்?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

வாசலில் நின்று ஆறு தரம் "போட்டு வாறன்" சொல்லும் அன்ரி, பேனையை மூடி வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.