இரண்டு மெஷின்

புது அதிகாரி கைபேசியில் நேரம் பார்த்தபடி அவள் பின்னால் வந்து நின்றதும், பம்ப் தொழிற்சாலையின் அந்த வரிசை முழுவதும் சொல்லிவைத்தாற்போல் வேகம் குறைந்தது. அங்கே சேருகிறவர்களுக்கு முதல் நாளே ஓதப்படும் பாடம் அது. அளக்க வந்தவன் முன்னால் வேகம் காட்டினால், நாளையிலிருந்து அதுதான் அளவு. பக்கத்துத் துளைபோடும் மெஷினில் நிற்கும் நாத்தனாருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, வாழாமல் திரும்பிவந்த நாத்தனாரும் அவளுமாகத்தான் வீட்டை ஓட்டினார்கள்.

அரசாங்கம் தொழிற்சாலையைத் தனியாருக்குத் தாரைவார்த்ததும் வந்தவர் இந்த அதிகாரி. நாடு வளர சீர்திருத்தம் வேண்டும் என்று எல்லோரையும் வெயிலில் நிற்கவைத்துப் பேசினார். ஆளைக் குறைக்க இனி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்று சட்டம் மாறியதை மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லவில்லை.

"கவர்மென்ட் சம்பளத்துல பழகின கை. இதுக்கு மேல வேகம் வராதும்மா. உங்களைக் குத்தம் சொல்லல" என்றார் பரிவாக.

அந்தப் பரிவுதான் அவளைச் சுருக்கென்று குத்தியது. இத்தனை வருஷ உழைப்பையும் மனுஷன் ஒரே பேச்சில் துடைத்துப் போட்டுவிட்டாரே!

"நகரு" என்றாள் நாத்தனாரிடம்.

"வேணாம் அண்ணி. சும்மா இருங்க."

கேட்டால்தானே? தன் மெஷினில் ஓர் இரும்புத் துண்டை மாட்டி விசையைத் தட்டிவிட்டு, அது முடிவதற்குள் நாத்தனாருடையதில் ஒன்றை மாட்டினாள். ஒன்றுகூடப் பழுதில்லை. அதிகாரி கைதட்டினார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. வேறு யாரும் தட்டவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அடுத்த வாரமே ஒருவருக்கு இரண்டு மெஷின் என்று உத்தரவு வந்தது. நாத்தனாரோடு பாதிப் பேரை வெளியே அனுப்பினார்கள். மற்றவர்களைப் பழக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. அது வேண்டாமென்று போய் நின்றாள்.

"உங்க இஷ்டம்மா. வெளிய ஆள் காத்துக்கிட்டிருக்கு" என்றார், அதே பரிவோடு.

இரண்டு மெஷினுக்கும் நடுவே நடந்து நடந்து கால் வீங்கிப்போகிறது. சாயங்காலம் அவள் வந்து சுவரில் சாய்ந்ததும், நாத்தனார் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு காலடியில் உட்கார்ந்துவிடுகிறாள். நாலு வார்த்தை திட்டித் தொலைத்தாலாவது தேவலை.

"விடு. எனக்குக் கை இல்லையா?"

"எனக்கு வேற என்ன வேலை இருக்கு அண்ணி? காலை நீட்டுங்க."

அந்த உள்ளங்கையில் மெஷின் பிடித்த காய்ப்பு இன்னும் கரையவில்லை. அது கெண்டைக்காலில் மேலும் கீழும் உரச, அவள் பல்லைக் கடித்தபடி காலை நீட்டிக்கொண்டு கிடந்தாள்.