தறியடித் தூக்கம்

வேளாண்மை வெட்டுக் காலம் வந்துவிட்டால் அழகரத்தினம் முதலாளியின் நெல் ஆலை இரவும் பகலும் இரைந்துகொண்டே இருக்கும். எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் செபஸ்தியாம்பிள்ளைக்கு ஒரு வாரம் பகல் வேலை. மறுவாரம் இரவு வேலை. இரவு வேலை முடிந்து வந்து வீட்டிற் படுத்தால் இமை மூடாது. ஆலைக்குப் போய் எஞ்சின் இரையத் தொடங்கியதுமே கண் தானாகச் சொக்கும். இருமுறை பிடிபட்டுவிட்டார்.

"இன்னொருக்கா கண் அயந்தா வேற ஆளப் போட்டிருவன்," என்று முதலாளி முடிவாகக் கூறிவிட்டார்.

மனைவி இமெல்டா கணவரின் உறக்கத்துக்குக் காவல் பூண்டாள். சேவலின்மேற் கூடையைக் கவிழ்த்தாள். மீன்காரனை ஒழுங்கைத் தலைப்பிலேயே மறித்து, கூவாமற் போகச் செய்தாள். ஊராரும் இரக்கமுள்ளவர்கள். ஒவ்வொருவராகப் படலைக்கு வந்து, "என்னகா, அவர் நித்திரையா?" என்று பரிவோடு விசாரித்தார்கள். "இல்லை" என்று உள்ளே கிடந்த செபஸ்தியாம்பிள்ளையே விடையிறுத்தார்.

எஞ்சிய இரைச்சல், பின்வளவிற் குடியிருந்த, அண்ணன் முறையில் அவர்கள் 'காக்கா' என்றழைக்கும் நெசவாளர் மஜீட்டின் கைத்தறி ஒன்றே.

"இஞ்சேருங்க, மஜீட் காக்காட்டப் போய்ப் பகல்ல தறிய நிப்பாட்டச் சொல்லுங்க."

"அந்த மனிசன்ட சோத்துல மண்ணள்ளிப் போடவா?"

"இப்ப நம்மட சோத்துலதான் மண் விழப்போகுது. போங்க!"

போனவர் உச்சிப்பொழுதாகியும் திரும்பவில்லை. இமெல்டா சினத்தோடு தேடிச் சென்றாள். தறிக்கொட்டிலில் நூற்கட்டுகளுக்கிடையே அவர் வாய் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வந்தவளுக்கு மரியாதை செய்து மஜீட் தறியை நிறுத்தினார். அக்கணமே செபஸ்தியாம்பிள்ளை விழித்தார்.

"ஏன் காக்கா நிப்பாட்டின?"

மஜீட் சிரித்தார். "சேவல வீணா மூடி வெச்சிரிக்காய் தங்கச்சி. எஞ்சினோட காலந்தள்ளுற மனிசன் இரைச்சல் இல்லாம எப்பிடிப் படுப்பாரு?"

அன்று முதற் பகலுறக்கம் தறியடியிலேயே நிகழ்ந்தது. ஆலையிற் கண் சொக்குவதும் நின்றது. வெள்ளிக்கிழமைதான் இடர், மஜீட் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார். அதற்கும் வழி பிறந்தது. மூலையிற் கிடந்த நூலேற்றாத பழைய தறியில் இமெல்டாவே அமர்ந்து, 'டக், டக்' என்று மிதிக்கலானாள். சேவலைக் கூவ விடாதவள், ஊர் அதிர மிதித்தாள்.

இதற்குள் எவனோ முதலாளியின் காதில் ஓதிவிட்டான்: "உங்கட எஞ்சின்காரன் பகலெல்லாம் நெசவுக்காரன் வீட்டுலதான் கிடை. ராவைக்கு எப்பிடி முழிச்சிருப்பான்?" ஆளை நிறுத்திவிடுவதென்ற துணிவோடு, ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில் முதலாளி நேரே தறிக்கொட்டிலுக்கு வந்தார்.

அவரைக் கண்ட இமெல்டா பதறி எழுந்தாள். தறி நின்றது.

"ஆர்ரா எஞ்சின நிப்பாட்டின? வார்ப்பட்டி அறுந்துத்தா?" என்று அலறியபடி செபஸ்தியாம்பிள்ளை துள்ளியெழுந்தார். நழுவிய சாரத்தை ஒரு கையாற் பிடித்துக்கொண்டு, மறுகையால் முதலாளியை ஒதுக்கித் தள்ளி, பழைய தறியின் சட்டத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகே கண் தெளிந்தது. முதலாளியைக் கண்டதும் சாரத்தை இறுக்கிக் கட்டினார்.

முதலாளி அவரையும் பழைய தறியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நித்திரையிலயும் என்ட எஞ்சினயல்லவா காவல் காக்கிறான். இவன நிப்பாட்ட ஏலா," என்றார். பின் இமெல்டாவை நோக்கி, "என்ன பாத்துக்கொண்டு நிக்காய் புள்ள? மிதி, மிதி. ராவைக்கு இவன் வேலைக்கு வரோணும்," என்றார்.

தறி மீண்டும் இரைய, செபஸ்தியாம்பிள்ளையின் கண் சொக்கியது. செருப்பைக் கழற்றிக் கையிலேந்திக்கொண்டு, அடிமேல் அடி வைத்து அவர் வெளியேறினார்.