வெந்நீர் ஊரில் அவரைக் கூப்பிட்டது

என் வீட்டுக்காரரின் பெயர் சச்சிதானந்தன். எழுதுவதற்கு எனக்கு ஒரு தடையும் இல்லை, சொல்வதற்குத்தான் வாய் வராது. கல்யாணம் செய்த நாளில் இருந்து ஒருதரமும் சொன்னதில்லை. மெடிகெயார் மருத்துவக் காப்புறுதிக் கவுண்டரில் கணவரின் பெயர் என்ன என்று கேட்டால் அட்டையை எடுத்து நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பேன். மகள் மயூரா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்ற அம்மா, மனேஜரையே டேவிட் என்று கூப்பிட்டவள், சொந்தப் புருஷனை மட்டும் "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடுகிறாளாம். சிரித்துவிட்டுப் போகட்டும். கூப்பிட்டால் மனுஷன் வருகிறாரா இல்லையா என்பதுதானே எனக்கு முக்கியம்.

எப்போதும் வந்தார். மறதி நோய் வந்த பிறகும் வந்தார். மூளை டொக்டர் உங்கள் பெயர் என்ன என்று கேட்டபோது, சோதனையில் பக்கத்துப் பையனின் தாளைப் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். மயூரா "அப்பா" என்று கூப்பிட்டால் சில நாள் திரும்புவார், சில நாள் திரும்பமாட்டார். ஆனால் குசினிக்குள் சமைத்தபடி நான் "இஞ்சாருங்கோ" என்றால் போதும். வீட்டின் எந்த மூலையில் இருந்தும் "ஓம், வாறன்" என்று பதில் வரும், பின்னாலேயே ஆளும் வருவார்.

எங்கள் வீடு சிட்னியில், பென்டில் ஹில்லில். கதவு திறந்திருந்தால் அவர் நடக்கத் தொடங்கிவிடுவார். கடைத்தெருவில் அவரைத் தெரியாத தமிழர் இல்லை. மரக்கறிக் கடை அரியரத்தினம் போன் எடுத்து, அண்ணை இங்கேதான் நிற்கிறார், முருங்கைக்காய் முறித்துப் பார்க்கிறார், அவசரமில்லை, ஆறுதலாக வாருங்கள் என்பார். நானும் ஆறுதலாகத்தான் போவேன். ஒருநாள் கடைப்பக்கம் போகாமல் மறுபக்கம் திரும்பிவிட்டார். பெருந்தெருவின் நடுவில், லொறிகளுக்கு இடையில் நின்றவரைப் பொலிஸ்காரர் கொண்டுவந்து விட்டார்கள்.

அதோடு மயூரா பிடிவாதமாகிவிட்டாள். தேடித் திரிந்து ஒரு முதியோர் இல்லத்தில் அறை எடுத்தாள். வருகிற பெப்ரவரியில் இருந்து அறை தயார், ஓம் என்று சொன்னால் போதும். நல்ல இடம் அம்மா, தோட்டம் இருக்கிறது, கதவுக்கு இரகசிய இலக்கம் இருக்கிறது என்றாள். மனுஷனைப் பூட்டி வைக்கிற கதவைத் தோட்டத்தோடு சேர்த்துச் சொன்னால் எனக்குத் தெரியாது என்று நினைத்தாள் போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை முதலில் ஜப்பானுக்குக் கூட்டிப்போகப் போகிறேன், பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜப்பான் கதை எங்கள் வீட்டில் பழைய கதை. கல்யாணத்துக்கு முன் கம்பனி அவரைப் பயிற்சிக்கு அங்கே அனுப்பியது. ஒரு குளிர்கால விடுமுறையில் மலைக்கு மேலே ஒரு ஊருக்குப் போய், சுற்றவரப் பனி கிடக்க, திறந்த வெளியில் வெந்நீர் ஊற்றில் இறங்கிக் குளித்தாராம். கலியாண வீடு, பிறந்தநாள், எங்கே போனாலும் இந்தக் குளியலைச் சொல்லாமல் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைக்கமாட்டார். உம்மையும் ஒருநாள் கூட்டிப்போவேன் என்று எனக்குச் சொன்னார். பிறகு இலங்கையில் சண்டை வந்தது, சிட்னி வந்தது, வீட்டுக் கடன் வந்தது. எனக்கு வெந்நீர் ஊற்று என்றால் திருகோணமலைக் கன்னியாவின் ஏழு கிணறுதான். அங்கே நான் போனது அப்பாவின் அந்தியேட்டிக் கிரியைக்கு. செத்தவர்களுக்காகப் போகிற இடத்துக்கு உல்லாசமாகப் போவதா என்று அவரைக் கிண்டல் செய்வேன். இப்போது எல்லாவற்றையும் மறந்த மனுஷன் அந்தக் குளியலை மட்டும் மறக்கவில்லை.

மயூரா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. விமான நிலையத்துக்குப் போகிற அன்று காரை ஸ்டார்ட் செய்யாமல் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, ஒரு நிமிஷம் நீங்கள் கண்ணை எடுத்தா அப்பா செத்துப்போவார். அங்க அரியரத்தினம் அங்கிள் இல்லை."

"பத்திரமாக் கூட்டிக்கொண்டு வந்தனெண்டா அந்த அறைக் கதையை நீ விடவேணும்," என்றேன். "அதுக்குப் பிறகு அவர் என்னோடதான்."

அவள், எங்கே நிற்கிறார் என்று போனில் காட்டுகிற கடிகாரம் ஒன்றை அவர் கையில் கட்டினாள். குளிக்கவும் கழற்றக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

சிட்னியில் ஜனவரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நாங்கள் போய் இறங்கிய முதல் மலை ஊரில் கூரைக்கூரையாகப் பனி கிடந்தது. வீதியோர வாய்க்காலிலேயே வெந்நீர் ஆவி பறக்க ஓடியது, ஊரெல்லாம் அவித்த முட்டை மணம். அந்த விடுதியில் குடும்பத்துக்கென்று தனிக் குளியல் தொட்டி இருந்தது, உள்ளே தாழ்ப்பாள் போடலாம். உடுப்போடு இறங்கக் கூடாதாம். வெளிச்சத்தில் ஒருவரை ஒருவர் அப்படிப் பார்த்த பழக்கம் எங்களுக்கு இல்லை. நான் வெட்கத்தில் அந்தச் சின்னத் துவாயை இங்கே பிடிப்பதா அங்கே பிடிப்பதா என்று தவித்தேன். அவர் குழந்தைபோல இறங்கி, கழுத்துவரை அமிழ்ந்து, கண்ணை மூடினார். பிறகு கண்ணைத் திறந்து, சொன்னேன் அல்லவா என்றார். இரண்டு வருடத்தில் அவர் என்னோடு பேசிய முழுப் பேச்சு அதுதான். எனக்கு அழுகை வந்தது. மயூராவை வென்றுவிட்டேன் என்று நினைத்தேன், வெட்கமில்லாமல் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாவது ஊர் இன்னும் மேலே, பஸ் போய் நிற்கிற கடைசி இடம். அங்கே தனித் தொட்டி இல்லை. ஒரு வாசலில் நீலத் திரை, ஆண்களுக்கு. மற்றதில் சிவப்புத் திரை, பெண்களுக்கு. பின்னேரம், அறைக்குப் போகலாம் என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவருக்குக் கந்தக மணம் மூக்கில் ஏறிவிட்டது. நீலத் திரைக்கு முன்னால் காலை ஊன்றிக்கொண்டு அசையமாட்டேன் என்று நின்றார்.

அப்போதுதான் கிரண் வந்தான். மெல்பர்னில் கொம்பியூட்டர் வேலை, மதுரைப் பக்கத்துப் பிள்ளை, மனைவியோடு வந்திருந்தான். பஸ்ஸில் எங்களுக்குப் பின்னால் இருந்து எங்கள் தமிழைக் கேட்டுப் பேச்சுக் கொடுத்தவன்.

"நான் கூட்டிட்டுப் போறேன் ஆன்ட்டி. பக்கத்துலயே உக்கார வச்சுக்கிறேன்."

இரண்டு தரம் வேண்டாம் என்றேன். மூன்றாம் தரம் சரி என்றேன். கடிகாரத்தைக் கழற்ற விடவேண்டாம் என்று மட்டும் சொன்னேன். திரைக்குள் போகும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

நான் குளிக்கவில்லை. வாசலில் இருந்த வாங்கில் உட்கார்ந்தேன். அந்தக் குளியலறைக்கு வெளித்தோட்டத்துப் பக்கமாக இன்னொரு கதவு இருந்தது எனக்குத் தெரியாது. திரையை விலக்கிக்கொண்டு, தலையில் சவர்க்கார நுரையோடு கிரண் ஓடி வந்தான். தலைக்குச் சவர்க்காரம் போட்டுவிட்டுக் கண்ணைத் திறந்திருக்கிறான், பக்கத்து முக்காலியில் ஆள் இல்லை. விடுதி கொடுத்த பருத்தி அங்கியைக் காணவில்லை. தோட்டக் கதவடியில் இருந்த மரச் செருப்பில் ஒரு சோடியையும் காணவில்லை. கடிகாரம் உடுப்புக் கூடையின் அடியில் கிடந்தது. குளிக்கப் போகிறவன் எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும் என்று அவருக்கு அந்தக் காலத்தில் பழக்கியிருக்கிறார்கள், அதையும் அவர் மறக்கவில்லை.

வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. காலடி ஒன்று இரண்டு தெரிந்தது, அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளை. ஊர் சின்னது. ஒரு பாலம், கொஞ்சக் கடைகள், ஒரு கோயிலுக்கு ஏறுகிற படிகள், அதற்கு மேலே காடு. மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் பாலம்வரை ஓடினேன், திரும்பிக் கடைகளுக்கு ஓடினேன். "இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ" என்று கத்தினேன். பனி என் சத்தத்தை விழுங்கியது. பென்டில் ஹில்லில் ஒரு சந்திக்கு ஒரு தமிழன் நிற்பான். இங்கே சப்பாத்துக்குள் பனி புகுந்து கால் மரத்து நிற்கிற என்னைத் தவிர அவருக்கு ஒருவரும் இல்லை. அந்த மெல்லிய அங்கியோடு இந்தக் குளிரில் ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் தாங்குவான்? பிள்ளையாரே, எடுக்கிறதென்றால் என்னை எடு, அவரைத் தா என்று வாய்விட்டு அழுதேன்.

விடுதிக்காரப் பெண் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊர்க் காரியாலயத்துக்கு ஓடினாள், கிரணும் பின்னால் ஓடி வந்தான். அந்த ஊரில் கம்பங்களில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். நில நடுக்கம், பனிச்சரிவு, வழி தவறின கிழவர், எல்லாவற்றையும் அதில்தான் அறிவிப்பார்களாம். அதிகாரி ஒரு கண்ணாடி அறைக்குள் மைக்குக்கு முன்னால் இருந்துகொண்டு, கிரணின் போன் மொழிபெயர்க்க, பெயரைக் கேட்டார்.

கிரண் என்னைப் பார்த்தான். அவனுக்கும் தெரியாது, அங்கிள் என்றுதானே கூப்பிட்டான். பாஸ்போர்ட் அறையில் கிடந்தது. போய் எடுத்துவர நேரமில்லை.

"சச்சிதானந்தன்," என்றேன்.

என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது. அதிகாரிக்கு அது பிடிபடவில்லை, திரும்பக் கேட்டார், திரும்பவும் சொன்னேன். வாழ்நாளெல்லாம் காத்துவைத்ததை அந்தக் கண்ணாடி அறைக்குள் துண்டு துண்டாக்கிச் சொன்னேன். அவர் அதைத் தன் மொழிக்கு வளைத்து அறிவித்தார். மலை அதைத் திருப்பிச் சொன்னது. ஊர்ச்சனம் கதவுகளைத் திறந்துகொண்டு விளக்குகளோடு இறங்கியது. அவர் வரவில்லை. இரண்டாம் தரம் அறிவித்தார்கள். வரவில்லை.

எப்படி வருவார்? அது அவருக்கு யாரோ ஒருவனின் பெயர்.

நான் அதிகாரியின் தோளில் கை வைத்து விலகச் சொன்னேன். அவர் ஏதோ சட்டம் சொன்னார், தலையை ஆட்டினார். தமிழிலேயே சொன்னேன், எழும்படா என்று. என் முகத்தைப் பார்த்து எழுந்துவிட்டார்.

மைக் என் வாய்க்குக் கிட்ட இருந்தது. ஊரே கேட்கப் போகிறது என்ற கூச்சம் அந்த நேரத்திலும் ஒரு நொடி வந்தது.

"இஞ்சாருங்கோ," என்றேன்.

என் குரல் கம்பத்துக்குக் கம்பம் ஏறிப் போய் மலையில் பட்டது.

"இஞ்சாருங்கோ, நான் இஞ்சதான் நிக்கிறன். இருட்டுப்படுது. எனக்குத் தனிய நிக்கப் பயமாக் கிடக்கு. கெதியா வாங்கோ."

திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். சாப்பாடு ஆறுது என்று சொன்னேன், தேத்தண்ணி போட்டாச்சு என்று சொன்னேன், வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். கிரண் கண்ணாடியடியில் நின்று அழுதுகொண்டிருந்தான். திடீரென்று அவன் கை நீட்டினான்.

கோயில் படிகளில் ஒரு உருவம் இறங்கியது. தலையிலும் தோளிலும் பனி. ஒரு காலில் மரச் செருப்பு, மற்றக் கால் வெறுங்கால். நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. விழுந்தெழும்பி ஓடிப்போய் முன்னால் நின்றேன். உதடு நீலம் பாரித்திருந்தது, உடம்பெல்லாம் நடுங்கியது, ஆனால் அவசரமாக நடக்கிற ஆளின் முகம். கட்டிப்பிடிக்கக் கையைத் தூக்கினேன். அவர் ஒரு அடி பின்னுக்கு வைத்தார்.

"தங்கச்சி, குறை நினையாதையுங்கோ," என்றார், கண்ணியமாக. "என்ர மனுசி கூப்பிட்டவ. சத்தம் கேட்டது, ஆளைக் காணேல்லை. அவ இருட்டுக்குப் பயந்தவ. எங்க நிக்கிறா எண்டு கண்டனீங்களோ?"

கேட்டபடி என் முகத்தை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் இல்லை.

என் கோட்டைக் கழற்றி நீட்டினேன். தயங்கி வாங்கிப் போட்டுக்கொண்டார். நடக்கக் கையைக் கொடுத்தேன், பிடிக்கவில்லை. அறியாத பெண்ணின் கையைப் பிடிக்கிற ஆள் இல்லை அவர்.

"கண்டனான்," என்றேன். "வாங்கோ, கூட்டிக்கொண்டு போறன்."

விடுதிக்காரப் பெண் கம்பளியோடும் கிரண் விளக்கோடும் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். மயூரா சொன்னது சரி என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நிமிஷத்தில் அவரைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். அந்த அறைக்கு நான் ஓம் சொல்லத்தான் வேண்டும். அங்கே அவரைச் சச்சி என்றோ டார்லிங் என்றோ அன்பாகத்தான் கூப்பிடுவார்கள். அவர் திரும்பமாட்டார்.

நான் முன்னால் நடந்தேன். அவர் எட்ட விலகிப் பின்னால் வந்தார், ஒற்றைச் செருப்பின் சத்தம் பனியில் சரியாகக் கேட்கவில்லை. நின்றுவிட்டாரோ என்று பயம். திரும்பிப் பார்த்தால் என் முகம் அவருக்கு வேறு யாருடையதோ.

திரும்பாமலே கூப்பிட்டேன்.

"இஞ்சாருங்கோ."

"ஓம், வாறன்," என்றார் பின்னால் இருந்து.