நாக்கைச் சுடாத சுங்கான்

கடைசல்காரருக்குத் தன் வேலையைக் குறை சொன்னால் பொறுக்காது, சொன்னது தங்கையின் புருஷனாக இருந்தாலும் சரி. தையல்காரரான அந்த மாப்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டாரே என்று புகையிலை நிரப்பிப் பிடிக்க மரத்தில் ஒரு சுங்கான் கடைந்து கொடுத்தார். ஒரே வாரத்தில் அவர் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார்.

"நாக்கு பொத்துப்போச்சு மச்சான். நமக்கு இது ஒத்துவராது, விட்டுடறேன்."

விட்டிருப்பார். கடைசல்காரர்தான் விடவில்லை.

"தப்பு உங்க மேல இல்ல மாப்ளே, பைப் மேல" என்று அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புகை போகும் துளை கிண்ணத்தின் அடியைத் தொடாமல் ஒரு நெல்லளவு மேலே திறந்திருந்தது. அடியில் ஈரம் தேங்கி, புகையோடு ஆவியும் ஏறி நாக்கைச் சுட்டிருக்கிறது. ராத்தூக்கம் போனாலும் பரவாயில்லை என்று புதிதாக ஒன்று கடைந்தார். கிண்ணத்துச் சுவர் தடிமன், தண்டு நீளம், துளை அடியை ஒட்டி. புகையிலையைக் கீழே தளர்வாகவும் மேலே லேசாக அழுத்தியும் நிரப்பிக் காட்டினார்.

"இழுக்காதீங்க. கொதிக்கற தண்ணிய உறிஞ்சற மாதிரி, மெதுவா."

அதற்குப் பிறகு நாக்கு எரியவில்லை. எரியாததால் தையல்காரர் நாளைக்கு எட்டுத் தடவை நிரப்பினார். "உங்க கடைச் சட்டைய மாட்டினாலே இருமல் வருதேய்யா" என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். பதினோரு வருஷம் அப்படிப் போயிற்று.

அப்புறம் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் பாதி நாக்கையும் வலது தாடையையும் எடுத்தார்கள். ஆறு மாதத்தில் கழுத்தில் மறுபடி புற்று கிளம்பியது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தங்கை பட்டறைக்கு வந்தாள். கையில் அந்தச் சுங்கான்.

"இடது பக்கம் நாலு பல்லுதான் மிச்சம். அதுல கடிச்சுக்கற மாதிரி வாய்முனைய மாத்திக் குடுண்ணே. கேக்கறார்."

"உனக்கென்ன பைத்தியமா? இதனாலதானே..."

"அவர் விடறேன்னப்ப நீ விடல. இப்ப மட்டும் எதுக்கு யோசிக்கறே?"

அவள் குரலை உயர்த்தவில்லை. கடைசல்காரர் சுங்கானை வாங்கிக்கொண்டார்.

வாய்முனையைத் தட்டையாக, சாய்வாகச் செதுக்கினார். உள்ளே போகும் துளையை மட்டும் வேண்டுமென்றே கோணலாகப் போட்டார். வாயில் வைத்தால் களகளவென்று நீரும் கசப்பும்தான் வரும். வெறுத்துப்போய்த் தூக்கி எறிவார் என்று கணக்குப் போட்டார்.

தையல்காரர் வாயிலேயே வைக்கவில்லை. துப்புரவுக் கம்பியை எடுத்து உள்ளே விட்டார். பாதியில் முட்டி நின்றது. தலையைத் தூக்கி மச்சானைப் பார்த்தார். பேச்சு போனதிலிருந்து ஒரு கறுப்புத் துணியில்தான் குறிபோடும் சாக்கட்டியால் எழுதுவார். எழுதினார்: "உன் கை இவ்வளவு மோசமில்ல."

"வேணும்னேதான் செஞ்சேன் மாப்ளே" என்றார் கடைசல்காரர்.

தையல்காரர் உள்ளங்கையால் துணியைத் துடைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: "இப்பவா?"

அன்று மத்தியானமே கடைசல்காரர் துளையைச் சரியாக்கி எடுத்துவந்தார். தானே நிரப்பிப் பற்றவைத்தார். ஆனால் வெட்டிய பக்கத்து உதடுகள் சேரவில்லை. அந்த இடுக்கில் காற்றுப் போய்க் கங்கு அணைந்தது. மூன்று தடவை அப்படியே ஆயிற்று. கடைசல்காரருக்குத் தெரிந்த எந்தக் கைவேலையும் அதற்கு உதவாது.

தங்கை மருந்துக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு விரலால் புருஷனின் உதட்டோரத்தைச் சேர்த்துப் பிடித்தாள். புகை வந்தது. அவர் மெதுவாக உறிஞ்சினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், விரலைத் தளர்த்தவில்லை.

தினமும் கடைசல்காரர் போய் நிரப்பினார். தங்கை உதட்டைப் பிடித்தாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினெட்டாம் நாள் தையல்காரர் வேண்டாமென்று கையை அசைத்தார். கடைசல்காரர் புகையிலையைத் தட்டிக் கொட்டிவிட்டு வாசல்வரை வந்தார். பின்னாலேயே தங்கையும் வந்தாள்.

"நாளைக்கு நீ வரவேணாம்ண்ணே" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.