மேடையில் வாசித்தது

வெங்கடேஸ்வரி அம்மாள் ராஜபாளையத்திலிருந்து காரில் கான்சாபுரம் வந்து இறங்கியபோது, அழகுத்தாய் மாந்தோப்புக் கூலிவேலை முடிந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். அந்த அம்மாளும் இருபது முப்பது பெண்களும் மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, வழியில்லாத பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உதவி வந்தார்கள். இந்த வருஷம் அழகுத்தாயின் மகள் சிவரஞ்சனியை நர்சிங் படிக்கவைப்பதாகப் பேச்சு.

“ஒன் வீட்டுக்காரர் எப்படி இறந்தாரு?”

ஊருக்குச் சொன்னதையே அழகுத்தாய் சொன்னாள்: திருப்பூரில் இருந்தபோது நெஞ்சுவலி.

அந்த அம்மாள் பேனாவை மூடினாள். “ஒளிக்காமச் சொல்லணும்மா. அப்பத்தான் மத்தவங்ககிட்ட நான் பேச முடியும்.”

சிவரஞ்சனி கடைக்குப் போயிருந்தாள். பதினோரு வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்தது, ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்ததும் வெளியே வந்துவிட்டது. புருஷன் பால்ச்சாமி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். வேலை போய் மூன்று மாதம் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தான். ‘நீ இருந்தா என்ன, செத்தா என்ன’ என்று அன்று காலையில் சொல்லிவிட்டுத்தான் அவள் கம்பெனிக்குப் போனாள்.

“புள்ளைக்குத் தெரியாதும்மா. ஒங்க கால்ல விழுதேன், தெரியவே கூடாது.”

“நான் ஒனக்கு அக்கா மாதிரி” என்று அந்த அம்மாள் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

படிப்புக்குப் பணம் கொடுக்கும் விழா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சிவரஞ்சனி மேடையில் நின்றாள். அவளோடு படித்தவர்கள் இரண்டாம் வரிசையில் இருந்தார்கள். வெங்கடேஸ்வரி அம்மாள் மைக்கைப் பிடித்து, கையிலிருந்த தாளை வாசித்தாள். உருக்கமான குரல். திருப்பூர் வந்தது. வேலை போனது வந்தது. அந்தக் காலையும் வந்தது. அழகுத்தாய் சொன்ன வார்த்தையை ஓர் எழுத்து பிசகாமல் வாசித்தாள்.

“வேண்டாம்மா! நிறுத்துங்கம்மா!” அழகுத்தாய் எழுந்து கத்தினாள். துக்கம் தாங்காமல் கத்துகிறாள் என்று இரண்டு பெண்கள் அவளை அணைத்து உட்காரவைத்தார்கள். மண்டபமே மூக்கை உறிஞ்சியது.

சிவரஞ்சனி அழவில்லை. பணக் கவரை வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். பஸ்ஸில் அம்மாவை விட்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“அப்படிச் சொன்னியா?”

“ஏட்டி, ஏதோ கோவத்துல...”

“சொன்னியா, இல்லையா?”

“சொன்னேன்.”

அதன் பிறகு பேச்சே இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்றும் இல்லை.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அழகுத்தாய் முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனாள். வார்டன் நோட்டைப் புரட்டினாள்.

“நீங்க யாரு? அம்மா இல்லைன்னுல்ல எழுதியிருக்கு. கார்டியன் பேரு வெங்கடேஸ்வரின்னு இருக்கு.”

அழகுத்தாய் கேட்டுக்கு வெளியே நின்று போன் போட்டாள்.

“ஆமா, நாந்தான் கையெழுத்துப் போட்டேன்” என்றாள் வெங்கடேஸ்வரி அம்மாள். குரலில் சந்தோஷம் நிறைந்திருந்தது. “புள்ளதான் வந்து கேட்டுச்சு. எங்க அம்மா சொன்னது பூராம் பொய், நீங்க ஒருத்தர்தான் உண்மையச் சொன்னீங்கன்னுச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு, போ. நீ ஒண்ணுக்கும் கவலைப்படாத. இனி நாங்க பாத்துக்கிடுறோம்.”

வாட்ச்மேன் முறுக்குப் பொட்டலத்தை உள்ளே கொண்டுபோனார். செத்த நேரத்தில் அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்.

“வேண்டாமாம், அம்மா” என்றார்.