பீட்டரை நிறுத்திய அக்காவுக்கு நன்றி

லிஃப்ட் தரைத்தளத்தில் வந்து நின்றது. டிங் டிங் என்று குட்டியாக ஒரு இசை கேட்டது. கதவு திறக்கவில்லை. கூரையிலிருந்த ஒலிபெருக்கி கனத்த குரலில் பேச ஆரம்பித்தது.

“இந்த இசையை அமைத்தவர் விசில். விடியற்காலையில் எழுந்து, பல்கூடத் தேய்க்காமல் அமைத்தது. பதிவு நடந்தபோது கிரீம் அடிக்கும் பீட்டரை நிறுத்தி வைத்த அக்காவுக்கு நன்றி. நாயை அடக்காத எதிர்வீட்டுக்காரருக்கு நன்றி இல்லை. மாற்றம்: கடைசி ஸ்வரம் வெட்டப்பட்டது. உரிமத்தைப் படிக்க வேண்டிய முகவரி: எச், டி, டி, பி, எஸ், முக்காற்புள்ளி, சாய்கோடு, இன்னொரு சாய்கோடு...”

உள்ளே, அந்த அக்காவேதான் கையில் கேக்கோடு நின்றிருந்தாள். முகவரி முடிந்து கதவு திறந்தபோது, கேக்கின் மேல் வைத்த கிரீம் ரோஜா தலை கவிழ்ந்து தூங்கிவிட்டது.

“டேய் விசில்!” என்று அவள் போட்ட சத்தத்தில், லிஃப்ட் வாசலில் நின்றிருந்த அவள் தம்பி விசில் இரண்டடி பின்னால் போனான். “நாளைக்குக் கல்யாண ஆர்டர். அஞ்சடுக்குக் கேக்கு. படி வழியா இறக்கினா சுவத்துல இடிக்கும். லிஃப்ட்ல இறக்கினா உன் புராணம் முடியறதுக்குள்ள பாயசமாயிடும். நான் என்னடா பண்றது?”

இது எப்படி நடந்தது என்று சொல்லிவிட வேண்டும். சிக்கல் பெரிது, ஆனால் அதன் ஒவ்வொரு திருகும் ரொம்ப எளிமையானது.

ஒருவர் ஓர் இசையை அமைத்த கணமே அது பூட்டப்பட்டுவிடுகிறது. யாரும் பூட்ட வேண்டியதில்லை, சட்டமே பூட்டிவிடும். வேறு யாராவது அதை எடுத்தாள நினைத்தால், அமைத்தவரைத் தேடிப் பிடித்து அனுமதி கேட்க வேண்டும். திறந்த உரிமம் என்பது அந்த அனுமதியை எல்லோருக்கும் முன்கூட்டியே எழுதி வைப்பது. ‘எடுத்துக்கொள், மாற்றிக்கொள், விற்கக்கூடச் செய். என் பெயரைச் சொல், எதை மாற்றினாய் என்று சொல், அது போதும்.’ விசில் தன் இசையை இப்படித்தான் ஊருக்கு விட்டான். பதிவேற்றும்போது, ‘உங்களை எப்படிக் குறிப்பிட வேண்டும்?’ என்று ஒரு கட்டம் கேட்டது. பெயரை மட்டும் எழுதுகிற இடம். இவனோ பரிசு மேடையில் மைக் கிடைத்தவன் மாதிரி எழுதித் தள்ளிவிட்டான்.

அந்த இசையை எடுத்துக்கொண்ட லிஃப்ட் கம்பெனிக்கு முன்பு ஒரு வழக்கில் கை சுட்டிருந்தது. அதனால் அவர்களின் சட்டப் பிரிவு, கட்டத்தில் இருந்த அத்தனையையும் ஒரு சொல் விடாமல் குரலாக்கி, இசையோடு ஒரே ஃபைலாக ஒட்டச் சொன்னது. லிஃப்ட்டின் மூளைக்கோ ஒரே விதிதான்: ஒலி முடிந்தால் கதவைத் திற. அது பாவம், விதிப்படிதான் நடந்தது.

“குடுத்ததைத் திருப்பி வாங்குடா,” என்றாள் அக்கா.

“முடியாதுக்கா. ஒருதடவை குடுத்த அனுமதி குடுத்ததுதான்.”

கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக் குந்தியிருந்த லிஃப்ட் மெக்கானிக் தலையைத் தூக்கினார். “வேற இசை போடணும்னா மேலிடத்துல சோதனை, முத்திரை எல்லாம் ஆகி வர அடுத்த வருஷம் ஆகும். ஆனா ஒண்ணு இருக்கு சார். என் பேரைச் சொல்லாதேன்னு அமைச்சவரே கேட்டா, நாங்க எடுத்தே ஆகணும். உரிமத்துலயே இருக்கு. அதுக்கு மட்டும் சட்டப் பிரிவு இன்னைக்கே சரின்னுடும்.”

விசிலுக்கு முகம் சுருங்கிப்போனது. ஊரில் அவன் பெயர் ஒலிக்கிற ஒரே இடம் இதுதான். வானொலிக்காரர்கள் பதில் போட்டதில்லை. இங்கே பல் டாக்டரிலிருந்து தண்ணீர் கேன்காரர் வரை, வேறு வழியில்லாமல், அவன் பெயரை முழுசாகக் கேட்கிறார்கள்.

“மொத்தத்தையும் எடுக்கணுமா?”

“எதை வேணாம்கிறீங்களோ அதை மட்டும் எடுத்தா போதும். ஒரு சொல்லு இருந்தா கதவுக்குத் தெரியவே தெரியாது.”

“அப்போ விசில்ங்கிறது மட்டும் இருக்கட்டும்.”

“படிக்கிற முகவரியைச் சுவத்துல ஒட்டிடலாம். ஆனா அந்த மாற்றம்ங்கிற வரி ஒலியிலேயே இருக்கும் சார். மாத்தினோம்னா சொல்லியாகணும். அது எங்க கடமை.”

விசில் யோசித்தான். “ஏங்க, வெட்டின ஸ்வரத்தைத் திரும்ப ஒட்டிட்டா?”

மெக்கானிக் வாயைப் பிளந்தார். “அட! மாத்தலேன்னா சொல்ல வேண்டியதே இல்ல. வெட்டாத அசல் ஏற்கெனவே பாஸானதுதான்.”

மறுநாள் ஐந்தடுக்குக் கேக் ஒன்பதாவது மாடியில் லிஃப்ட்டில் ஏறியது. விசில் கீழ் அடுக்கைத் தாங்கினான். அக்கா மேலடுக்கைக் கண்ணாலேயே தாங்கினாள். தரைத்தளம் வந்தது. டிங் டிங் டிங். “விசில்.” கதவு சர்ரென்று திறந்தது. ஒரு ரோஜாகூட அசையவில்லை. வெளியே வண்டி தயாராக நின்றது.

அக்கா நகரவில்லை.

“இறங்குக்கா, வண்டிக்காரன் ஹார்ன் அடிக்கறான்.”

“இரு. இன்னும் முடியலையே.”

“முடிஞ்சுடுச்சு. அவ்வளவுதான் இனிமே.”

“அவ்வளவுதானா?” அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். “அப்போ நானு?”

“நீதானே புராணம்னு திட்டினே!”

“உன்னைத்தான்டா திட்டினேன், என்னையா திட்டினேன்? பல் டாக்டர் என்னைப் பார்க்கறப்பெல்லாம், பீட்டரை நிறுத்தினவங்க நீங்கதானேன்னு எழுந்து நிப்பார். உன் பேரை மட்டும் வச்சுக்கிட்டு என்னை வெட்டிட்டே. நல்லா இருடா!”

கதவு மூட வந்தது. விசில் அவசரமாகக் காலை இடையில் நீட்டித் தடுத்தான்.

“மெக்கானிக்கைக் கேக்கறேன்க்கா. சாயந்திரமே கேக்கறேன்.”

“சாயந்திரம் வரைக்கும் நான் இங்கேயே நிக்கறேன்.”

கேக்கைப் பார்த்தான். மேலடுக்கு ரோஜா லேசாக வேர்க்க ஆரம்பித்திருந்தது. வேறு வழி தெரியாமல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியின் அதே கனத்த குரலில் சொன்னான்: “பதிவு நடந்தபோது கிரீம் அடிக்கும் பீட்டரை நிறுத்தி வைத்த அக்காவுக்கு நன்றி.”

“சத்தமா. வண்டிக்காரனுக்குக் கேக்கல.”

சத்தமாகச் சொன்னான். அக்கா கேக்கோடு வெளியே வந்தாள்.