புள்ளி ஒன்பது எட்டு

அந்தக் கருந்துளை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. உச்ச வேகத்தை ஒன்று என்று வைத்தால், புள்ளி ஒன்பது எட்டு. கட்டுரையை ஓர் ஆய்வுப் பத்திரிகை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதை வைத்துத்தான் இந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் எனக்கு நிரந்தர வேலை என்று பேச்சு. இதுவரை நாலு ஒப்பந்த வேலை, நாலு ஊர், மகளுக்கு நாலு பள்ளிக்கூடம். போன வாரம்தான் அவள் முதல்முறையாக ஒரு தோழியை வீட்டுக்கு அழைத்து வந்தாள். இன்று காலை என் கணவர், "இனி எதுக்கு இதெல்லாம்?" என்று வீடு மாற்றுவதற்கென்று அலமாரிமேல் வைத்திருந்த அட்டைப்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

கருந்துளையைச் சுற்றும் வாயுவில் இருக்கும் இரும்பு, எக்ஸ்ரே நிறமாலையில் ஒரு கோடு போடும். துளை வேகமாகச் சுழன்றால் வாயு இன்னும் கிட்டே போகலாம். அங்கே ஈர்ப்பு இழுக்கிற இழுப்பில் கோட்டுக்கு ஒரு வால் முளைக்கும். வால் நீளமென்றால் வேகம் அதிகம். அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் குடும்பம் நடக்கிறது.

படம் ஒன்றில் எழுத்து சிறிதாக இருக்கிறது, பெரிதாக்குங்கள் என்று பத்திரிகையிலிருந்து எழுதியிருந்தார்கள். அதற்காகப் பழைய தரவைத் திறந்தேன். ஓரத்தில் நானே ஒரு குறிப்பு வைத்திருந்தேன்: 'வெளிச்சம் அதிகம். நடுவை வெட்டிப் பார்க்கணும். அப்புறம்.' மகள் காய்ச்சலில் கிடந்த வாரம் அது. வெளிச்சம் கூடினால் இரண்டு ஒளித்துகள்கள் ஒரே நேரத்தில் வந்து விழும், கருவி அதை ஒன்று என்று எண்ணிவிடும். பஸ்ஸில் நெருக்கியடித்து ஏறும் இரண்டு பேரை ஒரு குண்டு ஆள் என்று எண்ணுவதைப்போல. அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

இப்போது, வெளிச்சம் மிகுந்த அந்த நடுப்பகுதியை வெட்டிவிட்டுப் பார்த்தேன். தப்பாக எண்ணியதால் நீண்டிருந்த வால் சுருங்கிப் போயிற்று. வேகம் பூஜ்யத்திலிருந்து புள்ளி ஒன்பதுவரை எதுவாகவும் இருக்கலாம் என்றது கணினி. அதாவது, தெரியாது. ஐந்து தடவை ஓட்டினேன். ஐந்து தடவையும் தெரியாது.

எங்கள் ஆய்வுக் குழுத் தலைவரிடம் போய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார்.

"கட்டுரையப் படிச்சவங்க யாரும் இதைக் கேக்கலையேம்மா. நீயா ஏன் கேக்குற?"

"கேட்டுத் தொலைச்சிட்டேன் சார்."

"வெள்ளிக்கிழமை உன் வேலைக்குத் தேர்வுக்குழு கூடுது. சனிக்கிழமை சொல்லிக்கலாமே."

எனக்குக் கோபம் வரவில்லை. ஆசைதான் வந்தது. என் அறைக்கு வந்து, ஆசை வளர்வதற்குள், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினேன்.

வீட்டுக்கு ஃபோன் செய்தேன்.

"பெட்டியெல்லாம் குப்பையில போட்டாச்சா?"

"பாதி வாசல்ல வெச்சுட்டேன். மீதியில உன் பொண்ணும் அவ ஃப்ரெண்டும் வீடு கட்டிக்கிட்டிருக்காங்க." பின்னால் இரண்டு பேரின் சிரிப்பு கேட்டது. "ஏன்?"

"கிழிக்காம விளையாடச் சொல்லுங்க."

அவர் தள்ளிப் போனார்போல, சிரிப்புச் சத்தம் குறைந்தது.

"எந்த ஊரு?" என்றார்.

"தெரியல."

"சரி, குப்பை வண்டி இன்னும் வரல. போய் எடுத்துட்டு வந்துடறேன்."